தேன் வடித்த துணி

நாக்பூர்
11-6-1979

அன்புள்ள அக்கா ரத்தினம்மாளுக்கு, தம்பி வேடியப்பன் எழுதிக்கொண்டது.

நான் சுகம். வெயில்தான் ஆளைச் சுகமாக இருக்க விடவில்லை. நீயும் மாமாவும் பாஞ்சாலையும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது.

தேன் டின் சனிக்கிழமை வந்தது. பன்னிரண்டு நாள் பயணத்தில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. நீ துணி சுற்றித் தைத்திருந்த அழகைப் பார்த்துவிட்டு, உள்ளே கைக்குழந்தையா என்று தபால்காரர் கேட்டார். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சப்பாத்தியில் ஊற்றிச் சாப்பிட்டார்கள். இரண்டே நாளில் டின் காலி. எங்கள் மாமா தேன்பாறையில் கொடியில் தொங்கி எடுத்தது என்றேன். அவர் இறங்கும்போது மேலே நின்று கொடி பிடிப்பது யார் என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் அது மனைவியின் தம்பி வேலை, தன் அக்கா தாலி அவன் கையில் இருப்பதால் அவன் பிடி தளராது, ஊரில் இருந்தவரை நான்தான் பிடித்தேன் என்றேன். இந்தத் தடவை யார் பிடித்தது? நீ எழுதவில்லையே.

டின் ரொம்பப் பெரிது. வீட்டுக்கு வைத்துக்கொண்டுதானே அனுப்பினாய்?

சுற்றியிருந்த துணியை வீணாக்கவில்லை. உன் பழைய அரக்குப் புடவை என்று கரையைப் பார்த்ததும் தெரிந்தது. இங்கே எங்களுக்குத் துடைக்கக் கொடுப்பது மொடமொடவென்ற காடாத் துணி. உரலில் நூல் உதிர்க்கும். உன் புடவை பஞ்சு மாதிரி இருக்கிறது. நாலாகக் கிழித்து, இரும்பு உரலையும் சல்லடையையும் துடைக்க வைத்திருக்கிறேன்.

என் வேலை என்ன என்று மாமா போன தடவையும் கேட்டிருந்தார். பூமிக்குள் ஆழத்திலிருந்து எடுத்த பாறைத் துண்டை உரலில் இடிப்பேன். ஆசிட்டில் போடுவேன். பாறை கரைந்துவிடும். அந்தக் காலத்து மரங்களின் மகரந்தத் தூசி மட்டும் கரையாது. அதன் ஓடு அவ்வளவு கெட்டி. அதைக் கண்ணாடிச் சில்லில் வைத்து எங்கள் பர்வே ஐயா மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். பழைய பாறைகளில் ஊசியிலை மரத் தூசி உண்டு, பெரணியின் விதைத்தூள் உண்டு. பூவின் தூசி இல்லை. அந்தக் காலத்தில் பூமியில் பூவே கிடையாது அக்கா. காடு இருந்தது, பூ இல்லை. பிறகு திடீரென்று வருகிறது. எங்கிருந்து வந்தது, எதிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஐயா அதைத்தான் தேடுகிறார்.

ஐந்து வருஷமாகத் தினக்கூலி. நிரந்தரம் செய்யச் சொல்லி ஐயா மேலே எழுதியிருக்கிறார். பார்ப்போம்.

மாமாவுக்கு என் வணக்கம். பாஞ்சாலைக்கு முத்தம்.

உன் தம்பி
வேடியப்பன்


மேல்கல்பட்டு
3-7-1979

அன்புத் தம்பி வேடியப்பனுக்கு அக்கா எழுதுவது. உன் கடிதம் கண்டு மனம் குளிர்ந்தது. இங்கே எல்லாரும் இருக்கிறோம். நீ வெயிலில் அலையாதே, மோர் வாங்கிக் குடி.

பள்ளி திறந்து, விடுதியில் எனக்குச் சமையல் வேலை தொடங்கிவிட்டது. அறுபது பிள்ளைகள். நேற்று மழை பெய்து சாமை விதைக்க ஈரம் போதும் என்கிறார்கள். எங்கள் நிலத்தை இந்த வருஷம் பங்காளிக்கு விட்டிருக்கிறோம்.

உன் கடிதத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். இப்போதெல்லாம் அவர் வீட்டில்தான் இருக்கிறார். கேட்டுவிட்டு, "இன்னாம்மே சொல்றான் உன் தம்பி? பூ இல்லன்னா தேனீ இன்னாத்த தின்னுச்சாம்? கல்ல நக்குச்சா?" என்றார்.

"எனுக்கு இன்னா தெரியும்? எழுதிக் கேக்கறேன்" என்றேன்.

"பூ இல்லன்னா காயும் இல்ல. சாமை இல்ல, புளி இல்ல. அந்தக் காலத்து மனுசன் பாடு பட்டினிதான்."

"மனுசனே கிடையாதாம் அப்போ."

"அப்ப சரி. கவலயில்ல" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்குத்தான் அந்த நினைப்பு விடவில்லை. மாவு சலிக்கும்போதெல்லாம் பூவில்லாத காட்டை நினைத்துப் பார்க்கிறேன். பச்சையாக இருக்கும். ஒரு வாசனையும் இருக்காது. அப்படித்தானே?

புடவை உனக்கு உதவியதில் சந்தோஷம். நிரந்தரம் ஆனால் உடனே தந்தி கொடு.

உன் அக்கா
ரத்தினம்மாள்


நாக்பூர்
20-8-1979

அன்புள்ள அக்காவுக்கு, நலம். உங்கள் நலத்தைத் தினமும் நினைத்துக்கொள்கிறேன். இங்கே மழை வந்து பூமி குளிர்ந்துவிட்டது.

இதை உட்கார்ந்து வாசி. ஐயா பூவைக் கண்டுபிடித்துவிட்டார்.

ஆழ்துளைக் கருவி கொண்டுவந்த ஒரு கறுப்புக் களிப்பாறைத் துண்டு. விரல் நீளம்தான் இருந்தது. வயது பதினாறு கோடி வருஷம் என்று கணக்கு. அதை முழுவதும் நான் இடித்துக் கரைத்துக் கொடுத்தேன். அதில் ஒன்பது தூசிகள். ஐயா என்னையும் பார்க்கச் சொன்னார். சின்ன உருண்டை, அதன் மேல் ஆறு கோடு. மூன்று கோட்டின் நடுவில் ஒரு துளை இருக்கிறது. இடையிலுள்ள மூன்றில் துளை இல்லை. கோடும் துளையும் இப்படி அமைவது பூக்கும் செடியின் தூசியில்தான். இதுவரை உலகத்தில் கிடைத்த மிகப் பழைய பூத்தூசிக்குப் பன்னிரண்டு கோடி வருஷம் என்கிறார்கள். இது அதற்கும் நாலு கோடி வருஷம் முந்தியது.

ஐயா அன்று சாப்பிடவில்லை. "இவ்வளவு பழைய தூசிக்கு நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கிறதே" என்று ஒரு தடவை தனக்குள் சொன்னார். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த வருஷம் வெளிநாட்டில் பெரிய மாநாடு. அதற்குக் கட்டுரை எழுதுகிறார். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயரும் வரும். என் நிரந்தரக் காகிதத்தையும் இதோடு சேர்த்து அனுப்பப் போகிறார். இந்த முறை யாரும் தட்ட முடியாது என்றார்.

மாமாவிடம் சொல்: பூவில்லாத காலத்தில் தேனீயும் இல்லை. வண்டு இருந்தது. மாமாவுக்கு எழுதத்தான் வராது, ஒரு கேலியாவது சொல்லியனுப்பச் சொல்.

அன்புடன்
வேடியப்பன்


மேல்கல்பட்டு
10-9-1979

ஆசைத் தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம். இங்கே ஒரு குறையும் இல்லை. உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் கடிதத்தை விடுதியில் எல்லாருக்கும் வாசித்தேன். தலைமை ஆசிரியர் கோபால்சாமி சார் வாங்கி இன்னொரு தரம் வாசித்தார். "மலைப் பிள்ளை ஒருத்தன் பெயர் புத்தகத்தில் வருது" என்று வகுப்பிலேயே சொல்லிவிட்டார். இங்கே காய் நறுக்குகிற முத்தம்மா, "ஏங்க, அந்தப் பூவைத் தலையில வச்சுக்கலாமா?" என்று கேட்டாள். கண்ணுக்கே தெரியாத பூவாம் என்றேன். "கண்ணுக்குத் தெரியாத பூவுக்கு நாக்பூர் வரைக்கும் போவணுமா?" என்கிறாள்.

என் புடவைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன். அது தேன் வடித்த துணிதான். உனக்கு அனுப்பிய தேனை அதிலேதான் போட்டுப் பிழிந்தேன். ஓடையில் நாலு தரம் அலசிக் காயவைத்துத்தான் டின்னைச் சுற்றினேன். பிசுக்குப் போனது, வாசனை போகவில்லை. நீ உரலைத் துடைக்கிறாய் என்றதும் மாமாவுக்குச் சிரிப்பு: "கல்லுக்கே தேன் தொட்டு ஊட்றான் பாரு மச்சான்."

நிரந்தரம் எப்போது கையில் வரும்? அது வந்தால் அம்மா படத்துக்கு மாலை போடலாம் என்று இருக்கிறேன்.

உன் அக்கா
ரத்தினம்மாள்


மேல்கல்பட்டு
8-11-1979

தம்பி வேடியப்பனுக்கு,

தீபாவளி போய் இருபது நாள் ஆகிறது. இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சுகமா, சுகமில்லையா? ஜமுனாமரத்தூர் தபாலாபீசில் கேட்டுக் கேட்டு, என்னைப் பார்த்தாலே தலையை ஆட்டுகிறார்கள்.

கோபமா? நான் ஏதாவது எழுதக் கூடாததை எழுதிவிட்டேனா? போன கடிதத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். ஒன்றும் தெரியவில்லை.

பதில் அட்டை கூட வைத்திருக்கிறேன். நலம் என்று எழுதிப் போட்டால் போதும்.

அக்கா


நாக்பூர்
25-11-1979

அன்புள்ள அக்காவுக்கு, உடம்பு சுகம்தான். மாமா, பாஞ்சாலை சுகத்துக்கு எழுது. உன் மேல் கோபம் இல்லை. எனக்கு எழுத முடியவில்லை.

நீ எழுதக் கூடாததை எழுதவில்லை. எழுத வேண்டியதை எழுதினாய். அது தேன் வடித்த துணி என்று.

தேனில் பூத்தூசி இருக்கும். பிழிந்த துணியில் இன்னும் அதிகமாக இருக்கும். நாலு தரம் இல்லை, நாற்பது தரம் அலசினாலும் போகாது. ஆசிட்டுக்கே கரையாத ஓடு, ஓடைத் தண்ணீருக்கா போகும்? அந்தத் துணியால்தான் நான் உரலைத் துடைத்தேன். துடைத்த உரலில்தான் அந்தக் கறுப்புப் பாறையை இடித்தேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் யாருக்கும் தெரியாமல் துணியின் ஒரு மூலையைச் சுத்தமான தண்ணீரில் அலசி, அடியில் படிந்ததை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கண்ணை வைத்ததும் தெரிந்தது. ஆறு கோடு. மூன்றில் துளை, மூன்றில் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. என் நிரந்தரக் காகிதம் மேலே போயிருந்தது. ஒரு நாள் நாலு துண்டுத் துணியையும் எடுத்துக்கொண்டு கொதிகலன் வரை போனேன். தீயில் போட்டிருந்தால் முடிந்திருக்கும். போடவில்லை. திரும்பி நேராக ஐயா அறைக்குப் போய் மேஜை மேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

ஐயா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாலு மாதமாக இந்தத் துணியால் உரலைத் துடைக்கிறாய். பாறையிலிருந்த தூசி துணிக்குப் போயிற்று என்று நான் சொல்கிறேன். துணியிலிருந்து உரலுக்கு வந்தது என்று நீ சொல்கிறாய். இரண்டில் எது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அந்தப் பாறைத் துண்டும் தீர்ந்துவிட்டது. மறுபடி இடித்துப் பார்க்க வழியில்லை.

பிறகு சொன்னார்: "இந்தக் கட்டடத்தின் வாசலை மிதிக்காத பூ ஒன்றைக் கொண்டு வா. அதில் இதே ஆறு கோடு இருந்தால் நம்புகிறேன். மே முப்பதாம் தேதி கட்டுரை தபாலில் போகும். அதற்குள் காட்டு. காட்டாவிட்டால் கட்டுரை போகும், நீயும் போக வேண்டியிருக்கும். பெரிய விஷயத்தில் சேறு அடித்தவனை வைத்துக்கொள்ள முடியாது."

மறுநாள் முதல் எனக்கு உரல் வேலை இல்லை. புட்டி கழுவுகிறேன்.

எனக்கு இரண்டு வேண்டும். வீட்டில் அந்தத் தேன் ஒரு ஸ்பூன் இருந்தாலும் அனுப்பு. இரண்டாவது, தேன்பாறையைச் சுற்றியுள்ள மரங்களின் பூ. விரியாத மொட்டாக வேண்டும். மாமாவை ஏறச் சொல். ஒரு நாளைக்கு ஒரு மரம்தான். மரத்தைத் தொடும் முன்னால் கையை ஓடையில் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒவ்வொன்றையும் புதுக் கவரில் போட்டு ஒட்டி, மரம், இடம், தேதி எழுதி, கோபால்சாமி சாரிடம் கையெழுத்து வாங்கு.

இதனால் நிரந்தரம் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் தெரிந்தாக வேண்டும். என் கையால் ஒரு பொய்ப் பூ உலகத்துக்குப் போகக் கூடாது.

உன் தம்பி
வேடியப்பன்


மேல்கல்பட்டு
15-12-1979

தம்பி வேடியப்பனுக்கு, அக்கா ரத்தினம்மாள் நலம். நீ வாரத்துக்கு ஒரு வரியாவது எழுது.

உன் கடிதத்தை விடுதியில் யாருக்கும் வாசிக்கவில்லை. மாமாவுக்கு மட்டும் வாசித்தேன். "நல்ல வேல செஞ்சான்" என்றார். துணியை நீ தீயில் போடாததைச் சொன்னார்.

நான் அந்த வரியை எழுதாமல் இருந்திருக்கலாமோ என்று முதலில் தோன்றியது. இப்போது தோன்றவில்லை.

தேன் ஒரு சொட்டும் இல்லை. எல்லாவற்றையும் உனக்கே அனுப்பிவிட்டேன்.

பூ தருகிறேன். ஆனால் மார்கழி இப்போதுதான் பிறக்கிறது. பாறைப் பக்கத்து மரங்கள் பங்குனியில்தான் மொட்டு வைக்கும். நெல்லி இருக்கிறது, புங்கம் இருக்கிறது, ஓடை ஓரமாக நாவல் இருக்கிறது. மூன்றையும் அனுப்புகிறேன். தேனீ ஒரு மரத்தில் மட்டும் உட்காருவதில்லை, நீ பொறுமையாக இரு.

மாமா ஏறட்டும் என்று எழுதியிருக்கிறாய். யார் ஏறுவது என்பது என் பாடு. நீ கேட்டபடி கை கழுவி, கையெழுத்து வாங்கி அனுப்புவேன். புட்டி கழுவுகிற கைக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொள், ஆசிட் படப் போகிறது.

அக்கா


மேல்கல்பட்டு
12-4-1980

தம்பிக்கு, எல்லாரும் சௌக்கியம். பொங்கலுக்கு நீ அனுப்பிய அட்டையைப் பாஞ்சாலை சுவரில் ஒட்டியிருக்கிறாள். வேலையில் உன்னை நிறுத்திவிடவில்லை என்பதே இப்போதைக்குப் போதும்.

மூன்று கவர் இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஒன்று, நெல்லி. மார்ச் 24. பாறைக்கு மேற்கே பெரிய மரம்.
இரண்டு, புங்கம். ஏப்ரல் 6. ஓடை இறக்கம்.
மூன்று, நாவல். ஏப்ரல் 10. அதே ஓடை, கல் திட்டு.

மூன்றிலும் சார் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு தரமும் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். நாவலுக்கு மழை வந்து கவர் நனைந்துவிட்டது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு மறுநாள் போய் மறுபடி எடுத்தேன். முத்தம்மா என்னைப் பார்த்து, "சாமிக்குப் பூ பறிக்கக் கூட இத்தினி தரம் கை கழுவல நீங்க" என்றாள். இது சாமியை விடக் கறார் என்றேன்.

இதில் இருக்கும் என்று நம்புகிறேன்.

அக்கா


நாக்பூர்
30-4-1980

அன்புள்ள அக்காவுக்கு, நலம். கை நன்றாக ஆறிவிட்டது. நீ விளக்கெண்ணெய் எழுதிய நாள் முதல் தடவுகிறேன்.

கவர்கள் ஒட்டியது பிரியாமல் வந்தன. ஐயா வேறு கட்டடத்தில், புதுப் புட்டிகளில், தன் கையாலேயே பார்த்தார். என்னைப் பக்கத்தில் விடவில்லை. அது நியாயம்தான்.

நெல்லி இல்லை. புங்கம் இல்லை. நாவல் மூன்று மூலையாக அழகாக இருக்கிறது, ஆனால் அதுவும் இல்லை. "இன்னும் முப்பது நாள்" என்றார் ஐயா. கட்டுரை டைப் அடித்து மேஜை மேல் இருக்கிறது.

அக்கா, நாலாவது மரத்தை நீ எழுதவே இல்லை. பாறை விளிம்பில் நிற்கும் கடுக்காய் மரம். அதன் வேரில் குதிகாலை ஊன்றித்தான் நான் கொடி பிடிப்பேன். தேன் அடைக்கு நேர் மேலே நிற்பது அதுதான். சித்திரையில் பூக்கும் என்று உனக்குத் தெரியும். நீ மறக்கிற ஆள் இல்லை. ஏன் விட்டாய் என்று நான் கேட்கவில்லை. அதன் பூ வேண்டும். இனி அது ஒன்றுதான் இருக்கிறது.

மாமா ஏழு மாதமாக எனக்குக் கேலி கூட ஒழுங்காகச் சொல்லியனுப்பவில்லை. அவர் சுகம்தானே?

வேடியப்பன்


மேல்கல்பட்டு
14-5-1980

மச்சான் வேடியப்பனுக்கு மாமன் அருணகிரி எழுதறது. சொகமா. என் கையால எழுதற மொத கடுதாசி இது. தப்பு இருந்தா பாஞ்சாலைய திட்டு, அவதான் வாத்தியார். ஒரு வருசம் படுத்துக் கெடந்தேன், அவ பலகையில அவளோட சேந்து எழுதக் கத்துக்கினேன்.

உங்கக்கா இத எழுத வேணாம்னு சொன்னா. நான் எழுதறேன். அவ விடுதிக்குப் போயிருக்கா.

போன வருசம் வைகாசியில அந்தத் தேனுக்கு எறங்குனேன். கொடி பிடிக்க ஆள் இல்ல. பங்காளிய கூப்பிடலாம்னு உங்கக்கா சொன்னா. மச்சான் பிடிக்க வேண்டிய கொடிய பங்காளி கையில தர்றது இல்லன்னு நான்தான் வீம்பு பண்ணேன். கடுக்காய் மரத்துல கட்டிட்டு எறங்குனேன். மேல அவ மட்டும் நின்னா. தேன் கூடைய மொதல்ல அனுப்புனேன். கூட மேல போச்சு. கொடி பாறையில தேஞ்சு அறுந்து நான் கீழ போனேன். தொடை எலும்பு ரெண்டா ஒடஞ்சுது. டோலி கட்டி எறக்கி, புத்தூர் கொண்டு போய்க் கட்டு போட்டாங்க. இப்ப கோல் ஊனி நடக்கறேன். நல்லாத்தான் இருக்கேன், பயப்படாத.

அந்தத் தேன வூட்ல வச்சுக்க அவளுக்கு மனசு இல்ல. வடிச்சு அவ்ளோத்தயும் ஒனக்கு அனுப்பிட்டா. ஒனக்குச் சொன்னா நீ கொடி பிடிக்க இல்லாததால வுழுந்தேன்னு நெனச்சுக்குவே, வேலைய வுட்டுட்டு ஓடியாந்துடுவேன்னு சொல்லல. நீ பேசாம இருந்த, அவளும் பேசாம இருந்தா. அக்கா தம்பி ரெண்டு பேரும் ஒரே மண்ணு.

அன்னையிலேர்ந்து அந்த மரத்தாண்ட அவ போவல. ஒன் கடுதாசி வந்துது. ரெண்டு நா சோறு சரியா எறங்கல அவளுக்கு. மூணாம் நா காலையில ஓடையில கை கழுவிட்டு போனா. நான் கோல் ஊனினு பின்னாடியே போனேன். "நீ இன்னாத்துக்கு வர்ற?" ன்னா. "வேடிக்க பாக்க" ன்னேன். இடுப்புல கயிறு கட்டி இன்னொரு நுனிய என் கையில குடுத்தா. பாறைப் பக்கம் நீட்டினு இருந்த கெளையிலதான் மொட்டு இருந்துது. ஏறிப் பறிச்சா. கீழ ஒரு தரம் கூட பாக்கல.

நாலாவது கவர் இதோட. சாரு கையெழுத்து இருக்குது. இதுல இல்லன்னா வேற பூ பாக்கலாம், மலை பெருசு.

மாமன்
அருணகிரி


நாக்பூர்
1-6-1980

அன்புள்ள மாமாவுக்கும் அக்காவுக்கும், வேடியப்பன் வணக்கம். நான் நலம். மாமாவின் கடிதத்தை எத்தனை முறை வாசித்தேன் என்று எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது. அதனால் வந்த செய்தியை முதலில் எழுதுகிறேன்.

கவர் 22-ம் தேதி வந்தது. ஐயா 24 அன்று பார்த்தார். நான் முக்கால் மணி நேரம் வராந்தாவில் நின்றேன். பிறகு கதவைத் திறந்து, "வா, பார்" என்றார்.

ஆறு கோடு. மூன்றில் துளை. மூன்றில் இல்லை. பக்கத்தில் பழைய ஸ்லைடையும் வைத்திருந்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எது எதுவென்று தெரிந்துகொள்ள ஒட்டியிருந்த சீட்டைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கல்லாகிப்போன செடிகளை முப்பது வருஷமாகத் தெரியும் எனக்கு. ஜன்னலுக்கு வெளியே நிற்கிற மரத்தின் பூவைத் தெரியவில்லை" என்றார். அன்று சாயங்காலமே மாநாட்டுக்கு, கட்டுரை இல்லை என்று கடிதம் எழுதி என் கையிலேயே கொடுத்துத் தபாலில் போடச் சொன்னார். போட்டுவிட்டேன். பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டது.

நிரந்தரக் காகிதம் போன வாரம் மேலிருந்து திரும்பி வந்துவிட்டது. அதற்குச் சொன்ன காரணமே அந்தக் கண்டுபிடிப்புதானே. நான் இன்னும் தினக்கூலிதான். ஆனால் உரல் மறுபடி என் கையில். இனி ஒவ்வொரு கல்லையும் இடிக்கும் முன்னால், வெறும் உரலைக் கழுவிய தண்ணீரை ஸ்லைடில் வைத்துப் பார்க்க வேண்டும், அதில் ஒரு தூசி இருந்தாலும் கல்லைத் தொடக் கூடாது என்று நான் சொன்னேன். ஐயா அதை எழுதி சுவரில் ஒட்டிவிட்டார். குளிர்காலத்தில் அதே இடத்தில் மறுபடி ஆழ்துளை போடுகிறார்கள். அந்தக் கல்லையும் நான்தான் இடிக்கப் போகிறேன். பூ எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது. நாங்களும் நிற்கிறோம்.

ஐயா புதிதாக ஒரு இழுப்பறை தொடங்கியிருக்கிறார். உயிரோடு இருக்கும் மரங்களின் பூத்தூசி. நாலு ஸ்லைடு இருக்கிறது. நாலாவதன் சீட்டை ஐயாவே எழுதினார்: கடுக்காய். ஜவ்வாது மலை, தேன்பாறை. மே 1980. சேகரித்தவர் ரத்தினம்மாள்.

மாமா, கொடியைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. இருபது நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். 20-ம் தேதி ரயில். போளூரில் இறங்கி முதல் பஸ் பிடிப்பேன்.

வேடியப்பன்


மேல்கல்பட்டு
9-6-1980

தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் நலம், மாமா காலும் நலம். இனிமேல் அதை எழுத எனக்குத் தடையில்லை.

நிரந்தரம் வராவிட்டால் போகிறது என்று எழுத மாட்டேன். வரட்டும். நீ நல்ல கல்லாக இடி, வரும்.

என் பெயரை எழுதிய சீட்டைப் பற்றி முத்தம்மாவிடம் சொன்னேன். "ஏங்க, இழுப்பறைக்குள்ள வச்சா யாருக்குத் தெரியும்?" என்றாள். தேடுகிறவருக்குத் தெரியும் என்றேன்.

பாறையில் இந்த வருஷம் இரண்டு அடை. மாமா கோலை மூலையில் வைத்துவிட்டு, மறுபடி இறங்குவேன் என்று ஒரே பேச்சு. நானும் பாஞ்சாலையும் கொடி திரித்து முடித்துவிட்டோம். போன தடவையை விட ஒரு புரி கூடுதல். மரத்தில் கட்டுவதற்கு இல்லை, உன் கையில் தருவதற்கு. அவர் கால் இறங்கத் தாங்குமா என்பதை நீ வந்து பார்த்துச் சொல். தாங்காது என்றால் நீ இறங்கு, அவர் பிடிக்கட்டும். அது வழக்கம் இல்லைதான். ஒரு தரம் அவர் என் கயிற்றைப் பிடித்துவிட்டார், இனி வழக்கத்தை யார் கேட்கப் போகிறார்கள்.

தேன் வடிக்கப் புதுத் துணி வாங்கி வைத்திருக்கிறேன். அது இந்த வீட்டை விட்டு வெளியே போகாது.

வந்ததும் முதலில் ஓடைக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வா.

உன் அக்கா
ரத்தினம்மாள்